விண்வெளியில் கதிர்வீச்சை அளக்கும் கருவி, அந்தக் கதிர்வீச்சிலேயே கெட்டுப்போகாதா?

கெட்டுப்போகும். ஆனால் கெடாமலேயே தப்புக் கணக்கு காட்டுவதுதான் பெரிய தொல்லை.

1958 ஜனவரி 31 அன்று அமெரிக்கா ஏவிய எக்ஸ்ப்ளோரர்-1 செயற்கைக்கோளில், அயோவா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் வான் ஆலன் குழு கதிர்வீச்சுத் துகள்களை எண்ணும் கைகர் கவுண்டர் ஒன்றை வைத்து அனுப்பியது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை எண்ணுவதுதான் திட்டம். நொடிக்குச் சுமார் 30 துகள் வரும் என்று எதிர்பார்த்தார்கள். தாழ்வான உயரங்களில் அப்படியே வந்தது. மேலே போனால் பூஜ்யம்! அதில் பதிவுக் கருவி கிடையாது. தரை நிலையத்துக்கு எட்டும் தூரத்தில் வரும்போது கிடைத்த துண்டுத் தகவலை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்?

மார்ச்சில் போன எக்ஸ்ப்ளோரர்-3-இல் ஒரு சின்ன டேப் ரெக்கார்டர் இருந்தது. முழுச் சுற்றும் பதிவானது. எண்ணிக்கை மளமளவென்று ஏறுகிறது, சட்டென்று பூஜ்யமாகிறது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உச்சத்தில் வந்து நிற்கிறது. குழுவிலிருந்த கார்ல் மக்கில்வெயின் அந்தக் கவுண்டரில் இருப்பது போன்ற கைகர் குழாயை எக்ஸ்ரே கருவி முன்னால் வைத்துப் பார்த்தார். கதிர் அளவு மீறியதும் அதுவும் பூஜ்யம்தான் காட்டியது.

கைகர் குழாயில் ஒரு துகள் நுழைந்தால் உள்ளே இருக்கும் வாயுவில் மின்னிறக்கம் நடக்கும். அதிலிருந்து குழாய் மீள ஒரு நொடியில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். அதற்குள் அடுத்தடுத்துத் துகள்கள் வந்து விழுந்தால் துடிப்புகள் குறுகிப்போகும்; மின்சுற்று அவற்றை எண்ணாது. ஆக, அந்தப் பூஜ்யத்துக்கு அர்த்தம் கதிர் இல்லை என்பதல்ல, தாங்க முடியாத அளவு இருக்கிறது என்பது. பூமியைச் சுற்றியிருக்கும் கதிர்வீச்சு வளையங்களான வான் ஆலன் பட்டைகள் இப்படித்தான் பிடிபட்டன. ஜூலையில் எக்ஸ்ப்ளோரர்-4-ஐ அனுப்பும்போது சிறிய குழாய், ஈயக் கவசம் என்று உஷாராகிவிட்டார்கள்.

சரி, நிஜமாகவே கெட்ட கதை? நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி, 1999. எக்ஸ்ரேயைக் குவிக்கும் கண்ணாடிகள் குறைந்த ஆற்றல் புரோட்டான்களையும் சேர்த்துக் குவித்துவிட்டன. பட்டைகளைக் கடந்த முதல் சில வாரங்களிலேயே அதன் கேமராவில் படத்தைப் பதிவுசெய்யும் சிசிடி சில்லுகளில், முன்பக்கம் ஒளி வாங்குபவை அடிவாங்கின. ஆற்றலைப் பிரித்தறியும் துல்லியம் குறைந்தது. பின்பக்கம் ஒளி வாங்கும் சில்லுகள் தப்பித்தன. அதற்கப்புறம், பூமிக்கு அருகே வரும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேமராவைக் குவியத்திலிருந்து நகர்த்தி வைத்துவிடுகிறார்கள்.