நான்கு வயதுக் குழந்தை வயலின் கற்கலாமா?

இசைக்குறிப்பு (நோட்டு) படிக்கத் தெரியாத நான்கு வயது மகளுக்கு வயலின் சொல்லித்தர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும்.

ஜப்பானிய வயலின் கலைஞர் ஷினிச்சி சுசுகி (1898–1998) கண்டது எளிய உண்மை: எந்தக் குழந்தையும் எழுத்து படித்துவிட்டுத் தாய்மொழி பேசுவதில்லை. கேட்டுக் கேட்டு, திரும்பத் திரும்பச் சொல்லியே பேசிவிடுகிறது. இசையையும் அப்படியே தரலாம் என்று, போர் முடிந்த கையோடு 1946இல் மட்சுமோட்டோ நகரில் கற்பிக்கத் தொடங்கினார். நம் சங்கீதக்காரர்கள் கேள்வி ஞானம் என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

அவர் முறையில், குழந்தை வாசிக்கப்போகும் பாட்டு வீட்டில் தினமும் ஒலிக்கும். அம்மாவோ அப்பாவோ முதலில் கொஞ்சம் வாசிக்கக் கற்றுக்கொள்வார்கள். அதைப் பார்த்து, ‘எனக்கும் கொடு’ என்று குழந்தை தானே கையை நீட்டும்வரை காத்திருப்பார்கள். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் காத்திருப்புதான். குட்டிக் கைகளுக்கு 1/16 என்று குறிக்கப்படும் மிகச் சிறிய வயலின்கூட உண்டு. நிற்கவும் பிடிக்கவும் பழக, சிலர் அட்டைப்பெட்டி வயலினில் தொடங்குகிறார்கள். நோட்டு படிப்பதெல்லாம் அப்புறம், காதும் விரலும் பழகிய பிறகு.

சரி, வகுப்பில் அவளோடு உட்கார உங்களுக்கு நேரம் இருக்கிறதா? முதலில் அதை முடிவு செய்யுங்கள்; வயலின் பிறகு வாங்கலாம்.