செயலியில் அனிமேஷன் அதிகமானால் என்ன சிக்கல்?

எல்லாத் திரைகளுக்கும் அனிமேஷன் வைத்தால் அழகாகத்தானே இருக்கும், அதில் என்ன தவறு என்று கேட்கிறீர்கள்.

முதல் தடவை அழகுதான். நாற்பதாவது தடவை அப்படி இருக்காது. ஒரு மெனு திறக்க 600 மில்லிநொடி ஆகிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 100 முறை அதைத் திறப்பவர் ஒரு முழு நிமிடம் சும்மா காத்திருக்கிறார். இன்னொரு கொடுமை, பட்டன் நகர்ந்துகொண்டிருக்கும்போதே விரல் போய்விடும். தொட நினைத்தது ‘சேமி’, தொட்டது ‘நீக்கு’.

அடுத்தது தலைசுற்றல். 2013-ல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 7 வந்தபோது அதன் ஜூம் அசைவுகளால் குமட்டுகிறது என்று பலர் புகார் செய்தார்கள். ‘நகர்கிறோம்’ என்று கண் சொல்லும், ‘இல்லையே’ என்று உட்காது சொல்லும், குழப்பம் அங்கேதான். அடுத்த மாதமே வந்த 7.0.3 பதிப்பில் அசைவைக் குறைக்கும் வசதி இந்த அனிமேஷன்களையும் நிறுத்தும்படி மாற்றப்பட்டது. இணையத்தில் இதற்கென்றே ‘பிரிஃபர்ஸ் ரெட்யூஸ்டு மோஷன்’ என்ற வசதி சிஎஸ்எஸ்-ல் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) உண்டு; பயனர் அசைவைக் குறைக்கச் சொல்லியிருக்கிறாரா என்று அது தளத்துக்குச் சொல்லும். அதைக் கண்டுகொள்ளாத தளங்கள்தான் ஏராளம்!

வேகமும் அடிபடும். 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது நொடிக்கு 60 முறை படம் மாறும் திரையில், ஒரு ஃபிரேமுக்கு (ஒரு படத்துக்கு) கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி. அகலம், உயரத்தை அசைத்தால் பிரவுசர் ஒவ்வொரு ஃபிரேமிலும் பக்க அமைப்பைத் திரும்பக் கணக்கிடும், பழைய போன் திணறும். நகர்த்தவும் அளவை மாற்றவும் உதவும் டிரான்ஸ்ஃபார்ம், மங்கலாக்கும் ஒப்பாசிட்டி இரண்டும் பெரும்பாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்பிக்கும்.

சரி, அனிமேஷனே வேண்டாமா? நீக்கிய கோப்பு குப்பைத்தொட்டிக்குள் போவதைக் காட்டினால், அது எங்கே போனது என்று தெரிகிறது. அதை நான் வைத்துக்கொள்வேன், 200 மில்லிநொடிக்குள் முடிந்தால்.