சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா வரவில்லையே?

வண்ணம் கலப்பது பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘சேறு’ பற்றியவை. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. எத்தனை வண்ணம் கொடுத்தாலும் ஐந்தே நிமிடத்தில் குழப்பிச் சேறாக்கிவிடுகிறான். நன்றாகத்தான் ஆரம்பிப்பான், பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் போச்சு. எப்படித் தடுப்பது? (திருப்பூர்)

தடுக்க வேண்டாம். அந்த வயதில் அவனுக்குப் படம் முக்கியமில்லை, பிரஷ் ஓடுவதுதான் முக்கியம். மஞ்சள் மேல் நீலம் போய் விழுந்ததும் பச்சை வருகிறது. அட, வருதே! உடனே சிவப்பையும் போட்டுப் பார்க்கிறான். பச்சை செத்துப் பழுப்பாகிறது. உங்களுக்கு அது நஷ்டம். அவனுக்கு அது அடுத்த செய்தி, அவ்வளவுதான்.

சேறு ஏன் வருகிறது என்று பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் ஒன்றுசேர்ந்தால், வெளிச்சத்தில் ஒன்று விட்டுவைத்ததை இன்னொன்று விழுங்கிவிடும். கண்ணுக்குத் திரும்பி வர மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும். அதுதான் பழுப்பு. ஆகவே பன்னிரண்டு டப்பாவையும் திறந்து வைத்துவிட்டுக் குழந்தையைக் குறை சொல்லக் கூடாது. இன்றைக்கு மஞ்சளும் சிவப்பும் மட்டும். நாளை மறுநாள் மஞ்சளும் நீலமும். இரண்டை வைத்துக்கொண்டு சேறாக்குவது சிரமம்.

இன்னொரு விஷயம், வெளிர் நிறத்தில் அடர் நிறத்தைச் சேர்க்க வேண்டும். ஒரு கரண்டி மஞ்சளுக்கு ஒரு சொட்டு நீலம் போதும். தலைகீழாகச் செய்தால் மஞ்சள் டப்பா காலியாகும், நீலம் அசையாது. இதை வாயால் சொல்லித்தர வேண்டியதில்லை, மஞ்சளை நிறையவும் நீலத்தைக் கொஞ்சமாகவும் ஊற்றி வைத்தாலே போதும்.

அப்படியும் சேறு வந்தால் கொட்டாதீர்கள். என் வகுப்பில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் தன் சேற்றைப் பார்த்து “சார், டீ கலர்” என்றான். வெள்ளை டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினேன். ஒரு சொட்டு வெள்ளை விட்டான், “ஸ்ட்ராங் டீ.” இன்னொரு சொட்டு, “லைட் டீ.” பிறகு பால், அதற்கும் பிறகு “ஆறிப்போன பால்.” சார்ட் ஓரத்தில் ஒன்பது வட்டம் வரிசையாக வந்தது. ஒரே நிறத்தில் வெள்ளையைக் கூட்டிக்கொண்டே போவதை நான் கரும்பலகையில் எழுதிச் சொல்லியிருந்தால் ஒருத்தன் கேட்டிருக்க மாட்டான்.

கேள்வி: ஏழு வயது மகளின் பாடப் புத்தகத்தில் ‘சிவப்பு + நீலம் = ஊதா’ என்று இருக்கிறது. வீட்டில் கலந்தால் கருஞ்சிவப்பாக, அழுக்காக வருகிறது. “புக்குல பொய் போட்டிருக்காங்க” என்கிறாள். என்ன பதில் சொல்வது? (தஞ்சாவூர்)

“நீ சொல்றது பாதி சரி” என்று சொல்லுங்கள். புத்தகம் பொய் சொல்லவில்லை, எந்தச் சிவப்பு, எந்த நீலம் என்று சொல்லாமல் விட்டுவிட்டது.

டியூபின் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள். வெர்மிலியன், ஸ்கார்லெட் என்றிருந்தால் அந்தச் சிவப்புக்குள் ஏற்கெனவே ஆரஞ்சுச் சாயல் இருக்கிறது. அதாவது மஞ்சள் ஒளிந்திருக்கிறது. பிரஷ்யன் புளூ என்றிருந்தால் அந்த நீலம் பச்சைப் பக்கம் சாய்ந்தது. இரண்டையும் கலந்தால் உங்களுக்குத் தெரியாமலேயே மூன்று நிறத்தைக் கலக்கிறீர்கள். மறுபடியும் சேறு. கிரிம்சன் சிவப்பும் அல்ட்ராமரைன் நீலமும் எடுத்துப் பாருங்கள். கிரிம்சன் ரோஜாப் பக்கம் சாய்ந்தது, அல்ட்ராமரைன் கத்திரிப்பூப் பக்கம் சாய்ந்தது. ஊதா வரும். முதலில் கறுப்பு மாதிரி தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஒரு துளி வெள்ளை விட்டால் உள்ளே இருந்த ஊதா வெளியே வந்துவிடும்.

பச்சைக்கும் இதே கதைதான். லெமன் யெல்லோவோடு பிரஷ்யன் புளூ சேர்த்தால் வாழைக்குருத்துப் பச்சை. குரோம் யெல்லோவோடு அல்ட்ராமரைன் சேர்த்தால் பாசிப்பச்சை. எது சரி, எது தப்பு என்றில்லை. குளம் வரைகிறவளுக்குப் பாசிப்பச்சைதானே வேண்டும்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு சிவப்பு, இரண்டு நீலம் வாங்கிக் கொடுங்கள். நான்கு விதமாகக் கலக்கலாம். நான்கையும் கட்டம் போட்டுப் பூசி, எதிலிருந்து வந்தது என்று அவளே எழுதட்டும். புத்தகத்தில் விட்டுப்போனதை அவள் கையால் எழுதிச் சேர்த்த மாதிரி ஆகும். 24 கலர் பெட்டிக்குக் கொடுக்கும் காசை இப்படிச் செலவழிக்கலாம் என்பது என் அபிப்பிராயம். தயாராகப் பச்சையும் ஊதாவும் இருக்கும் பெட்டி கையில் இருந்தால் எந்தக் குழந்தை கலந்து பார்க்கும்?

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தை, எதைக் கொடுத்தாலும் வாயில் வைக்கிறாள். எப்போது வண்ணம் கொடுக்கலாம்? (கோவை)

இப்போதே கொடுக்கலாம், அடுப்படியிலிருந்து. அரிசிக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி ஆறவையுங்கள். ஒரு கிண்ணத்தில் மஞ்சள் தூள், ஒன்றில் பீட்ரூட் சாறு, ஒன்றில் சங்குப்பூ ஊறிய தண்ணீர். விரலால் பூசட்டும். மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்காதீர்கள். கடையில் விற்கும் கோலப்பொடி, ஹோலிப் பொடி, குங்குமம் எதுவும் வேண்டாம், அதில் என்ன சாயம் கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

அக்கா, அண்ணன் யாராவது வீட்டில் இருந்தால் அவர்களுக்கு ஒரு வேடிக்கை காட்டலாம். மஞ்சள் கறை பட்ட சட்டையில் சோப்புப் போட்டதும் கறை சிவந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் அதே காரணத்தால்தான். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தன்மை பட்டால் சிவக்கும், புளிப்புப் பட்டால் பழையபடி மஞ்சளாகும். மஞ்சள் பூசிய தாளில் சமையல் சோடாக் கரைசலைத் தொட்டு வரையச் சொல்லுங்கள், சிவப்புக் கோடு வரும். மேலே எலுமிச்சைச் சாற்றைத் தடவினால் கோடு மறையும். சுண்ணாம்பை மட்டும் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சங்குப்பூத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகும், இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பு. மேலே சொன்ன தஞ்சாவூர்ப் பெண்ணிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், சிவப்பே சேர்க்காமல் ஊதா வந்தால் புத்தகத்தைக் கிழித்துவிடுவாள்.

இந்த நிறங்கள் நிற்காது. வெயில் பட்டால் மஞ்சளும் பீட்ரூட்டும் வெளுத்துவிடும். சுவரில் ஒட்டி மாட்ட ஆசை என்றால் போட்டோ எடுத்து வையுங்கள்.

கேள்வி: போனில் ஒரு ஆப்பில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து மஞ்சள் ஆகிறது. தாளில் ஆகவில்லை. மகனுக்கு விளக்க எனக்கே தெரியவில்லை. (சென்னை)

போன் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, விரல் நுனியால் கடுகளவு தண்ணீர்த் துளி வையுங்கள். துளி பூதக்கண்ணாடி போல வேலை செய்யும். வெள்ளை என்று நினைத்த இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப் புள்ளிகள் தெரியும். திரை வெளிச்சத்தோடு வெளிச்சத்தைக் கூட்டுகிறது, கூட்டக் கூட்டப் பளிச்சென்று ஆகும். பெயிண்ட் வெளிச்சத்தை விழுங்குகிறது, கூட்டக் கூட்ட இருளும். பையன் துளியைப் பார்த்துவிட்டால் நீங்கள் விளக்க வேண்டியது அதிகமிருக்காது. அப்படியே ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் வண்ணப் படத்தையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள், அங்கே வேறு புள்ளிகள்: வெளிர்நீலம், ரோஜா, மஞ்சள், கறுப்பு.

கேள்வி: மகள் ஆசையாக வரைந்துகொண்டிருந்தாள். போட்டிகளுக்கு அனுப்ப ஆரம்பித்தோம், நிறைய சர்டிஃபிகேட் வாங்கினாள். இப்போது போட்டி இல்லையென்றால் பிரஷ்ஷையே தொடுவதில்லை. சோம்பேறித்தனமா? (மதுரை)

இல்லை. இது தெரிந்த வியாதிதான். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நர்சரியில், வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள், மூன்று முதல் ஐந்து வயது வரை. ஒரு குழுவிடம் “வரைந்தால் பரிசு” என்று முன்கூட்டியே சொன்னார்கள். பரிசும் பெரிதில்லை, தங்க நட்சத்திரம் ஒட்டிய, ரிப்பன் வைத்த ஒரு சர்டிஃபிகேட். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தக் குழு ஸ்கெட்ச் பேனாவோடு செலவழித்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதிதான். சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை. பரிசைக் காட்டி வரையச் சொன்னதுதான் கெடுத்தது.

நம்மூர்ப் போட்டிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஓடை, ஓலைக் குடிசை, ஒற்றைத் தென்னை. தலைப்பு எதுவானாலும் இதே படம். நடுவராகப் போய் உட்கார்ந்து நாற்பது சூரியனைப் பார்த்து வந்திருக்கிறேன். மனப்பாடமாக வரைந்த கைக்கு வெறும் தாளைப் பார்த்தால் பயம் வந்துவிடும்.

ஆறு மாதம் போட்டியை நிறுத்துங்கள். பென்சிலையும் எடுத்து வைத்துவிடுங்கள், ரப்பரைக் கண்டிப்பாக. தாளை நனைத்து, அதன் மேல் இரண்டு வண்ணம் சொட்டவிட்டு, தாளைச் சாய்த்துச் சாய்த்து ஓடவிடச் சொல்லுங்கள். அது எங்கே போகும் என்று அவளுக்கும் தெரியாது, நடுவருக்கும் தெரியாது. காய்ந்த பிறகு அதில் ஏதாவது தெரிகிறதா என்று அவளே பார்க்கட்டும். மயில் தெரிந்தால் ஒரு கண் வைப்பாள். ஒன்றும் தெரியாவிட்டால் அடுத்த தாள். நீங்கள் “சூப்பர்” என்றும் சொல்ல வேண்டாம், “இது என்ன?” என்றும் கேட்க வேண்டாம். பேசியே ஆக வேண்டும் என்றால் “இந்த ஓரத்துல இந்தப் பச்சை எப்படி வந்துச்சு?” என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல அவளுக்கு நிறைய இருக்கும்.

கேள்வி: “ஸ்கின் கலர் கொடு” என்று கேட்கிறான். அந்த கிரேயான் எங்கள் வீட்டில் யார் நிறமும் இல்லை. (சேலம்)

நல்ல கண் உங்களுக்கு. அமெரிக்காவில் கிரேயோலா நிறுவனம் அந்த கிரேயானுக்கு ‘சதை’ என்று வைத்திருந்த பெயரை 1962-லேயே ‘பீச்’ என்று மாற்றிவிட்டது. நம் வகுப்பறைகளில் இன்னும் அது ஸ்கின் கலர்தான்.

வீட்டில் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்காருங்கள். மஞ்சளும் சிவப்பும் சேர்த்து ஆரஞ்சு ஆக்கி, அதில் ஊசி முனையளவு நீலம். பழுப்பு வரும். தேவையான அளவு வெள்ளை. அவரவர் புறங்கையில் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள், பொட்டு தெரியாமல் கரைந்துபோனால் அதுதான் உங்கள் நிறம். உள்ளங்கைக்கு வேறு கலவை வேண்டும் என்று குழந்தைகளே கண்டுபிடிப்பார்கள். “பாட்டிக்குக் கொஞ்சம் நீலம் ஜாஸ்தி, அப்பாவுக்குச் சிவப்பு ஜாஸ்தி” என்று பேசிக்கொள்ளும் வீட்டில் ‘கறுப்பா, செவப்பா’ என்ற பேச்சுக்கு வேலையில்லை. ஒரு எச்சரிக்கை: விருந்தாளி அத்தை ஒருத்தர் வந்து “ஐயோ, என்னை இவ்வளவு கறுப்பாவா கலக்குறே” என்பார். காபி கொடுத்து உட்கார வையுங்கள்.

கேள்வி: இலையைப் பழுப்பாகவும் மரத்தைப் பச்சையாகவும் தீட்டுகிறாள். கற்பனையா, கண்ணில் கோளாறா? (நாகர்கோவில்)

ஊதா மரம், நீல யானை என்று இஷ்டத்துக்கு மாற்றினால் கற்பனை, விட்டுவிடுங்கள். எப்போதும் அதே சிவப்பு, பச்சை, பழுப்பு மட்டும் இடம் மாறினால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளை வைத்துச் சில நிமிடங்களில் பார்த்துவிடுவார்கள். நிறக்குறைபாடு பெண்களைவிட ஆண்களுக்குத்தான் அதிகம். இருந்தாலும் டியூபில் பெயர் எழுதி வைத்தால் போதும், வண்ணத்தை அவர்களிடமிருந்து பிடுங்க வேண்டியதில்லை.

கேள்வி: நான் ஜவுளிக்கடையில் 38 வருஷம் பட்டுப் பிரிவில் நின்றவன். எனக்கு ஒரு கோடு நேராகப் போட வராது. பேத்தி “தாத்தா, பெயிண்டிங் பண்ணலாம் வா” என்கிறாள். நான் என்ன சொல்லிக்கொடுப்பது? (கும்பகோணம்)

ஐயா, நிறம் விஷயத்தில் நீங்கள் எனக்கே சொல்லித்தரலாம். அரக்கு, மாம்பழம், கிளிப்பச்சை, வெங்காயத்தோல், ராமர் பச்சை, ராணி கலர் என்று எத்தனை பெயர் உங்கள் நாக்கில் இருக்கும்! என் மாணவர்களுக்கு ‘லைட்’, ‘டார்க்’ தவிர ஒன்றும் தெரியாது. தினம் ஒரு பெயரைச் சொல்லி, “இதைக் கலந்து காட்டு” என்று பேத்தியிடம் சொல்லுங்கள். சரியா என்று பார்க்க வீட்டில் பாட்டியின் புடவை இருக்கும். மாம்பழத்துக்கு மஞ்சளில் எத்தனை சொட்டுச் சிவப்பு, அரக்குக்கு நீலம் எவ்வளவு என்று அவள் கணக்கு வைக்கட்டும்.

மயில் கழுத்தை மட்டும் கடைசியில் வையுங்கள். டப்பாவில் எத்தனை கலந்தாலும் அது வராது, ஏனென்று உங்களுக்குத்தான் தெரியும்: நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் இன்னொரு நிறம், மடிப்பு திரும்பினால் நிறமும் திரும்பும். நீலத் தாளையும் பச்சைத் தாளையும் மெல்லிய கீற்றுகளாக வெட்டிப் பாய் மாதிரி பின்னி, பத்தடி தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

வாடாமல்லிக் கலர் கலந்து பார்த்தால், எந்தச் சிவப்பு, எந்த நீலம், எத்தனை சொட்டு என்று எழுதி ஒரு துண்டுத் தாளில் பூசி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் பூவை வைத்துப் பார்த்தால் என்னுடையது இன்றுவரை கத்திரிக்காயாகத்தான் நிற்கிறது.