‘மகள் தெரிவாகிவிட்டாள்’ என்று தொலைபேசியில் சொன்னால்

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. சதுரங்கத்தில் பட்டிருப்புக் கல்வி வலயத்தில் முதலிடம், மாகாணத்தில் நான்காம் இடம். போன கிழமை ஒருவர் அழைத்து, வெளிநாட்டில் நடக்கும் சர்வதேசப் போட்டிக்கு மகள் இலங்கை சார்பில் தெரிவாகியிருக்கிறாள், பத்து நாளுக்குள் நான்கே முக்கால் இலட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றார். கணவர் கடற்றொழில் செய்கிறார். நகையை அடகு வைத்து அனுப்பலாமா? உதவி கேட்க எங்காவது இடம் உண்டா?
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: நகையை வைக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

அழைத்தவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: எந்தப் போட்டியில் எத்தனையாம் இடம் வந்ததற்காக என் மகள் தெரிவானாள்? தெரிவு செய்தது யார்? அவர்களுடைய கடிதம் எங்கே? உலக இளையோர் போட்டி, ஆசிய இளையோர் போட்டி போன்றவற்றுக்குப் பெயர் கொடுக்கும் உரிமை அந்தந்த நாட்டின் சம்மேளனத்துக்கு மட்டுமே உண்டு. நமக்கு அது இலங்கை சதுரங்க சம்மேளனம். ஒரு பயிற்றுநரோ, வகுப்பு நடத்துபவரோ, ‘ஒருங்கிணைப்பாளர்’ என்று அட்டை அடித்து வைத்திருப்பவரோ யாரையும் நாட்டுக்காகத் தெரிவு செய்ய முடியாது. அதோடு, நாட்டைப் பிரதிநிதித்துவப்படுத்தி வெளிநாடு போகும் அணிக்கு விளையாட்டு அமைச்சின் அனுமதியும் வேண்டும். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், அவர் சொல்வது ஒரு திறந்த போட்டியாக இருக்கும் என்றே நினைக்கிறேன். திறந்த போட்டி என்றால் நுழைவுக் கட்டணம் கட்டுகிற யாரும் விளையாடலாம். அதில் தெரிவு என்ற பேச்சே இல்லை. ஆனால் பெயர்ப் பட்டியலில் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் நம் நாட்டுக் கொடி இருக்கும். பிள்ளை இலங்கையில் பதிவானவள் என்பதற்காகத்தான் அந்தக் கொடி வருகிறது. அதைப் படம் பிடித்து அனுப்பி ‘பார்த்தீர்களா, இலங்கை சார்பில்’ என்பார்கள். ஊரில் பதாகை கட்டுவார்கள். பெற்றோர் மனம் குளிர்ந்துவிடும். எத்தனை வீடுகளில் இதைப் பார்த்துவிட்டேன்! காசு கட்டும் முன் கணக்கை எழுத்தில் கேளுங்கள்: நுழைவுக் கட்டணம் எவ்வளவு, விமானச்சீட்டு எவ்வளவு, அறை எவ்வளவு. அநேகமாக அழைத்துப் போகிறவரின் பயணச் செலவும் பத்துப் பிள்ளைகளின் கட்டணத்துக்குள் பிரிந்து கிடக்கும். கணக்குத் தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

இங்கே ஒன்றை நிதானமாகச் சொல்ல வேண்டும். சொந்தச் செலவில் போகும் எல்லாப் பிள்ளைகளும் ஏமாற்றப்பட்டவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. உலக, ஆசிய இளையோர் போட்டிகளில் ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் ஒரு நாட்டுக்கு ஓர் உத்தியோகபூர்வ இடம் உண்டு. அந்தப் பிள்ளையின் தங்குமிடமும் சாப்பாடும் போட்டியை நடத்துகிறவர்களின் பொறுப்பு. விமானச்சீட்டு அதில் சேராது. முதலிடம் வந்த பிள்ளையின் தகப்பனே சீட்டுக்கு அலைவது இதனால்தான். அதற்கு மேல், சம்மேளனம் விரும்பினால் மேலதிக வீரர்களையும் அனுப்பலாம். அவர்கள் முழுச் செலவையும் தாங்களே பார்க்க வேண்டும். நடத்துகிறவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும், அது மலிவாகவும் இராது. ஆனாலும் அந்தப் பிள்ளை விளையாடுவது அதே மண்டபத்தில், அதே சுற்றுகளில். பதக்கம் வென்றாலும் அதே பதக்கம்தான். ஆகவே நாளை உங்கள் மகள் தேசிய வயதுப்பிரிவுப் போட்டியில் இரண்டாம், மூன்றாம் இடம் வந்து, சம்மேளனத்தின் கடிதம் கையில் வந்து, ‘மேலதிக வீரராகப் போகலாம்’ என்றால், அது நேர்மையான வாய்ப்பு. அப்போது செலவைப் பற்றி யோசிக்கலாம். கடிதம் இல்லாமல் ‘மேலதிகம்’ என்று வாயால் சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

வயதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரி 1தான் எல்லை. 2026இல் 10 வயதுக்குட்பட்டோர் பிரிவு என்றால் 2016 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்திருக்க வேண்டும். ஒரு நாள் முந்தினாலும் அடுத்த பிரிவுதான்.

ரேட்டிங்குக்காக, அதாவது ஆட்டத் திறனை எண்ணில் காட்ட உலக சதுரங்க சம்மேளனமான ஃபிடே தரும் புள்ளிக்காக, வெளிநாடு போக வேண்டும் என்று யாராவது சொன்னால் அதுவும் சரியில்லை. ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டங்கள் விளையாடியிருந்தால் முதல் ரேட்டிங் கணிப்பார்கள். 2024 மார்ச்சிலிருந்து அந்தக் கணிப்பு 1400க்குக் கீழே வந்தால் பட்டியலில் பெயரே ஏறாது. அந்த 5 ஆட்டங்களையும் இலங்கையிலேயே விளையாடலாம். மகளின் பெயரை ஃபிடே இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள், காசு கேட்காது.

ஆனால் ரேட்டிங் போட்டிகள் பெரும்பாலும் கொழும்புப் பக்கம்தான். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பிள்ளைகள் இரவு பஸ்ஸில் தூங்கியும் தூங்காமலும் போய்க் காலை முதல் சுற்றில் உட்காருகிறார்கள். எதிரே வீட்டில் தூங்கி எழுந்து வந்த பிள்ளை. அறிவித்தலும் கடைசி நேரத்தில் வரும், அதுவும் ஆங்கிலத்தில். மட்டக்களப்பில் மண்டபம் இல்லையா, மேசை இல்லையா, நடுவர்கள் இல்லையா? தரகர்கள் புகுவது இந்த இடைவெளியில்தான். சரியான தகவல் நேரத்துக்கு வந்தால் அவர்களை யார் தேடுவார்?

சரி, உதவி. தேசியப் போட்டிக்குப் போவதற்கே உதவி கேட்கலாம், வெளிநாடு வரை காத்திருக்க வேண்டாம். பாடசாலை அதிபரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். அதை வைத்துப் பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தர், பழைய மாணவர் சங்கம், ஆலய பரிபாலன சபை என்று போங்கள். ‘உதவி செய்யுங்கள்’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘இந்தத் திகதிப் போட்டி, இருவருக்கான பஸ் காசு, மூன்று நாள் தங்குமிடம், மொத்தம் இவ்வளவு’ என்று எழுதிக் கேட்டால் கொடுக்கிறவர்களுக்கு இலகு. கனடா, சுவிஸ், லண்டனில் இருக்கும் ஊரவர்கள் தருவார்கள். ஆனால் மகளின் படத்தைப் போட்டு வேறொருவரின் வங்கி இலக்கத்தில் காசு சேர்க்க ஒருபோதும் விடாதீர்கள். போன காசுக்கும் வந்த காசுக்கும் கணக்கு இராது. கெட்ட பெயர் பிள்ளைக்கு வரும். கொடுப்பவர் விமானச்சீட்டு முகவருக்கோ சம்மேளனத்துக்கோ நேரே கட்டி, பற்றுச்சீட்டின் பிரதியை உங்களுக்கு அனுப்பட்டும்.

நாளைக்கே அந்த மனிதரை அழைத்துச் சம்மேளனத்தின் கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வந்தால் அதைச் சம்மேளனத்துக்கே அனுப்பி, உண்மையா என்று கேளுங்கள். வராவிட்டால் அவருக்கு மறுபடி பதில் எழுத வேண்டாம். அடுத்த தேசிய வயதுப்பிரிவுப் போட்டி எப்போது என்று அதிபரிடம் கேட்டு வையுங்கள்.