மூன்று படங்களும் அம்மாவின் கேள்வியும்

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன். பக்கத்தில் இருப்பதற்காக மூன்று வாரம் லீவு போட்டு ஊருக்கு வந்திருக்கிறேன். மத்தியான நேரத்தில் அம்மாவும் நானுமாக, பார்க்காமல் விட்டுப்போன படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். அதில் மூன்றைப் பற்றி உங்களிடம் கேட்க வேண்டும்.

'மெய்யழகன்' பார்த்து நான் தேம்பி அழுதேன். அம்மா ஓரிடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான். ஆனால் என் ரூம் நண்பர்கள், "மூணு மணி நேரம் பேசிக்கிட்டே இருக்கானுங்க, இதுக்கா அழுத?" என்று கேலி செய்கிறார்கள். 'கொட்டுக்காளி' இதற்கு நேரெதிர். அந்தப் பெண் வாயே திறப்பதில்லை. ஏதாவது பேசித் தொலையேன் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. முடிவும் முடிவாக இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இலையை எடுத்த மாதிரி இருந்தது.

மூன்றாவது 'பெர்ஃபெக்ட் டேஸ்'. டோக்கியோவில் பொதுக் கழிப்பறை கழுவுகிற ஒருவரின் கதை. "வாழ்ந்தா இந்த ஆள் மாதிரி வாழணும்டா" என்று நண்பர்கள் ஸ்டேட்டஸ் போட்ட படம். என்னால் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. அம்மா நகராட்சியில் 24 வருடம் தூய்மைப் பணியாளராக இருந்தவர். அதில் பாதிக்கு மேல் கான்ட்ராக்ட். பஸ் ஸ்டாண்ட் கழிப்பறை அவர் பொறுப்பு. வேலை முடிந்து வந்தால் எங்களிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். நேரே கொல்லைக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் பேச்சு. அன்று அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்த வண்டியில இருக்குற சாமானெல்லாம் ஆபீஸ்ல குடுத்ததாப்பா?" பதில் சொல்லத் தெரியாமல் டிவியை அணைத்துவிட்டேன். எல்லோருக்கும் அழகாகத் தெரிகிற படம் எனக்கு மட்டும் கோபத்தைத் தருகிறது. எனக்குப் படம் பார்க்கத் தெரியவில்லையா அக்கா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

உங்களுக்குப் படம் பார்க்கத் தெரிகிறது. அம்மாவுக்கு உங்களையும் என்னையும்விட நன்றாகத் தெரிகிறது. 'பெர்ஃபெக்ட் டேஸ்' பற்றி நான் எவ்வளவோ படித்திருக்கிறேன், நானும் நாலு பேரிடம் சிலாகித்துப் பேசியிருக்கிறேன். வண்டிக்குள் இருந்த பிரஷ்களையும் துணிகளையும் யார் வாங்கிக் கொடுத்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்த அன்றிரவு படத்தை மறுபடி போட்டு, அம்மாவின் கண்ணோடு பார்க்க முயன்றேன். விடியற்காலையில் படத்தின் நாயகன் ஹிராயாமா நீல நிற வேனைத் திறக்கிறார். உள்ளே எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. கையுறை இருக்கிறது. முதுகில் பெயர் பொறித்த முழுநீளச் சீருடை இருக்கிறது. வெஸ்டர்ன் டாய்லெட்டின் விளிம்புக்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தையும் பார்த்துத் துடைக்கிறார். முதல் தடவை பார்த்தபோது அந்தக் கண்ணாடி எனக்குத் தவம் மாதிரி தெரிந்தது. இந்தத் தடவை, துடைப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அவர் வருவதற்கு முன்னாலேயே எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கின்றன.

இதற்கு ஒரு காரணம் உண்டு. டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் 17 பொதுக் கழிப்பறைகளைப் புதிதாகக் கட்டினார்கள். தடாவோ ஆண்டோ, ஷிகெரு பான், கெங்கோ குமா போன்ற பேர்பெற்ற கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தவை. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரிகிற கண்ணாடிச் சுவர், தாழ்ப்பாள் போட்டதும் மறைத்துக்கொள்ளுமே, அது ஷிகெரு பான் கட்டியது. இயக்குநர் விம் வெண்டர்ஸை முதலில் கூப்பிட்டது இந்தக் கழிப்பறைகளைப் பற்றிக் குறும்படங்கள் எடுத்துத் தரத்தான். முழுநீளப் படம் அதிலிருந்து பிறந்தது. விருந்தாளி வரும்போது கூடத்தைக் காட்டுவோம், சாக்கடையைக் காட்ட மாட்டோம். படத்திலும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. ஒரு மனிதன் நாள் முழுவதும் கழிப்பறை கழுவுகிறான், ஆனால் ஒரு தடவைகூட மூக்கைச் சுளிக்க வேண்டியிருக்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையைக் கழுவியவரின் மகன் அரை மணி நேரத்தில் டிவியை அணைத்ததில் எந்தத் தப்பும் இல்லை.

ஆனாலும் தம்பி, நீங்கள் அணைப்பதற்கு முன்னால் ஒரு காட்சி வந்து போயிருக்கும். கழிப்பறைக்குள் ஒரு சின்னப் பையன் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பான். ஹிராயாமா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவைத் தேடி நடப்பார். அம்மா ஓடி வருவாள். இவரை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள், நன்றி என்ற சொல் கிடையாது. பையிலிருந்து ஈரத்தாளை எடுத்து, இவர் பிடித்திருந்த அந்தக் கையைத் துடைப்பாள். பையன் மட்டும் போகிற போக்கில் திரும்பி டாட்டா காட்டுவான். சில நொடிகள்தான். ஜப்பான் மொழி தெரியாத நமக்கு வசனமே தேவைப்படாத காட்சி அது.

அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்தினேன். என் அப்பா அரசு மருத்துவமனை ஒன்றில் 11 நாள் படுத்திருந்தார். விடிய நாலு மணிக்கு வார்டைத் துடைக்க ஒரு அம்மாள் வருவார். ஒருநாள் அப்பாவின் எவர்சில்வர் டம்ளர் கட்டிலுக்கு அடியில் உருண்டுபோய்விட்டது. அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, குனிந்து எடுத்துத் தன் முந்தானையில் துடைத்து என் கையில் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன், சிரித்தேன்கூட. அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் குழாயடிக்குப் போய் டம்ளரைக் கழுவினேன். திரும்பிப் பார்த்தால் வார்டு வாசலில் வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து எங்கள் கட்டில் பக்கம் வரும்போது தலையைத் தூக்கவே இல்லை. கீழே விழுந்ததைக் கழுவினேன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஈரத்தாள் அதைப் பொய் என்று காட்டிவிட்டது. ஒரு சினிமா எனக்கு இதைச் செய்ததனால்தான், அதன் குறை தெரிந்த பிறகும் என்னால் அதைக் கைவிட முடியவில்லை.

உங்கள் நண்பர்கள் விரும்புகிற ஹிராயாமாவின் மௌனத்துக்கு வருகிறேன். கேசட்டில் பாட்டு, மரத்தடியில் மதியச் சாப்பாடு, இலைகளுக்கு நடுவில் வெயில் விழுவதை ஃபிலிம் கேமராவில் படம் எடுப்பது, ராத்திரி படுக்கையில் புத்தகம். படத்தின் பின்பாதியில் அவருடைய தங்கை, டிரைவர் ஓட்டுகிற பெரிய காரில் வந்து இறங்குகிறார். அண்ணன் நிஜமாகவே கழிப்பறைதான் கழுவுகிறாரா என்று கேட்கிறார். அந்த ஒரு கார் போதும். இந்த மனிதன் வசதியான வீட்டைவிட்டு வெளியே வந்தவர், இந்த வேலையைத் தானே தேர்ந்தெடுத்தவர் என்று புரிந்துவிடுகிறது. அவருடைய அமைதி அவரே எடுத்துக்கொண்டது. யாரும் அவர் வாயை அடைக்கவில்லை. உங்கள் அம்மா குளித்து முடிக்கும்வரை பேசாமல் இருந்தாரே, அந்த மௌனம் அவர் கேட்டு வாங்கியதில்லை. ஊர் அவர் மேல் ஏற்றி அனுப்பியது. தன் பிள்ளைகள் மேல் அது ஒட்டிவிடக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் கொல்லையில் கழுவிவிட்டு வந்திருக்கிறார். இரண்டையும் ஒன்றாக்கி 'வாழ்ந்தா இப்படி வாழணும்' என்று ஸ்டேட்டஸ் போடும்போது உங்களுக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

ஒன்று சொல்ல வேண்டும். ஹிராயாமாவுக்கும் ஒருநாள் கோபம் வருகிறது. கூட வேலை பார்க்கும் இளைஞன் போனிலேயே வேலையை விட்டுவிடுகிறான். அவன் வேலையையும் சேர்த்து இருட்டும்வரை இவரே பார்த்துவிட்டு, ஆபீசுக்குப் போன் போட்டு, தினமும் இப்படி முடியாது, ஆள் அனுப்புங்கள் என்று சத்தம் போடுகிறார். வேறு ஆள் வந்துவிடுகிறது. அம்மாவுக்கு இந்த இடத்தைப் போட்டுக் காட்டினால் நம்புவாரா என்று யோசித்தேன். கான்ட்ராக்டில் இருப்பவர் சத்தம் போட்டால் வேறு ஆள் வருவது அவருக்குத் துணையாக அல்ல, அவருடைய இடத்துக்கு.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க நம் நாட்டில் 1993இல் ஒரு சட்டம் வந்தது. போதவில்லை என்று 2013இல் இன்னொன்று வந்தது. கழிவுநீர்க் குழிக்குள் இறங்கிச் சாகிறவரின் குடும்பத்துக்குத் தர வேண்டிய 10 லட்சம் ரூபாயை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் வந்து பத்து வருடம் கழித்தும் தொகையை உயர்த்த வேண்டியிருந்தது என்றால் சாவு நிற்கவில்லை என்றுதான் பொருள். 2017இல் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படம் யூடியூபில் கிடைக்கிறது. தமிழ்நாட்டின் தூய்மைப் பணியாளர்கள் கேமராவைப் பார்த்துத் தங்கள் வாயால் பேசுகிற படம். அதைத் திரையிட விடாமல் இங்கே எவ்வளவு தடுத்தார்கள்! உங்கள் நண்பர்களிடம் சண்டை போட வேண்டாம். 'பெர்ஃபெக்ட் டேஸ்' பார்த்த அதே வாரத்தில் இதையும் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவோடு சேர்ந்து பார்க்காதீர்கள். அவர் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

'கொட்டுக்காளி' நாயகி மீனாமேல் உங்களுக்கு வந்த எரிச்சல் எனக்கும் முதலில் வந்தது. வெளியான வாரமே தியேட்டரில் பார்த்தேன். பின்னணி இசையே கிடையாது அல்லவா, பக்கத்து ஸ்கிரீனில் ஓடிய படத்தின் அடிதடிச் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. பின்வரிசையில் ஒருவர் "சவுண்ட வைங்கப்பா" என்று கத்தினார். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வேறு சாதிப் பையனை விரும்புகிறாள் என்பதற்காக, பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி ஒரு குடும்பமே ஆட்டோவிலும் பைக்கிலும் ஏறி அவளைப் பூசாரியிடம் கொண்டுபோகிறது. அவள் என்ன பேசினாலும் அதைப் பேய் பேசுகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பேச்சு அப்படிச் செல்லாக்காசாகிவிட்ட இடத்தில் பேசாமல் இருப்பதுதான் அவள் கையில் மிச்சம். வழியில் ஒலிபெருக்கியில் கேட்கிற பாட்டை ஒரு கணம் வாய்க்குள் முணுமுணுக்கிறாள். அந்த முணுமுணுப்புக்கு விழுகிற அடியைப் பார்த்தீர்கள். வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட வேறு விளக்கம் வேண்டுமா? அடிக்கிறவன் அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற பாண்டி. அவன் தொண்டையையும் கவனியுங்கள். சுண்ணாம்பு பூசியிருக்கிறது, குரல் கரகரத்துக் கிழிகிறது. கத்திக் கத்திக் குரல் போன ஆணும், குரலை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிற பெண்ணும் எதிரெதிரே. இயக்குநர் வினோத்ராஜ் இதை ஒரு வசனத்தில்கூடச் சொல்லவில்லை. பாண்டியாக நடித்த சூரியை இனி நான் காமெடி நடிகர் என்று நினைக்க மாட்டேன்.

சாலையை மறித்து நிற்கிற காளையை, அத்தனை ஆம்பிளைகளும் தயங்கி நிற்கும்போது, ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாகக் கூட்டிக்கொண்டு போவாளே, எனக்கு இந்தப் படத்தில் அதுதான் உச்சம்.

முடிவைப் பற்றி உங்களோடு நான் ஒத்துப்போகவில்லை. பூசாரி இன்னொரு பெண்மேல் கை வைப்பதைப் பாண்டி பார்க்கிறான். மீனாவை உள்ளே அழைத்துப் போவானா, வண்டியைத் திருப்பச் சொல்வானா என்று சொல்லாமல் படம் நின்றுவிடுகிறது. இலையை யாரும் எடுக்கவில்லை தம்பி. பாண்டி திருந்தினான் என்று காட்டியிருந்தால் நாம் நிம்மதியாக எழுந்து போயிருப்போம். மீனாவின் கதி அவன் மனசு மாறுவதில் தொங்கிக்கொண்டிருப்பதே கொடுமை என்பது நமக்கு உறைத்திருக்காது.

'மெய்யழகன்' பார்த்து அழுததற்கு யாரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். தியேட்டருக்கு வந்த பிறகு அதில் 18 நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். நீளம் என்று குறை சொன்னவர்களை நானும் கேட்டேன். வரலாறும் வீரமும் பேசுகிற சில இடங்களில் எனக்கும் கொஞ்சம் அலுப்புத் தட்டியது, மறைக்கவில்லை. ஆனால் அந்த ராத்திரிப் பேச்சைக் குறைத்தால் படத்தில் என்ன மிஞ்சும்? ஒருவன் 'அத்தான், அத்தான்' என்று உருகிப் பேசிக்கொண்டே இருக்கிறான். பல வருடம் கழித்து ஊருக்கு வந்திருக்கிற இன்னொருவன், இவன் பெயர்கூட ஞாபகமில்லையே என்று உள்ளுக்குள் குறுகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இவன் பேசப் பேச அவன் கடன் ஏறுகிறது. அரவிந்த் சாமி அந்தக் குறுகலைக் கண்ணிலும் தோளிலும் வைத்திருக்கிறார். ஊரைவிட்டுப் போகும்போது வேண்டாமென்று விட்டுப்போன ஒரு சைக்கிள் இன்னொரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தியிருக்கிறது என்று தெரிய வருகிற இடத்தில் நானும் அழுதேன். தங்கைக்கு மணமேடையிலேயே அண்ணன் நகையைப் போட்டுவிடும் காட்சியில் என் பக்கத்து இருக்கைக்காரர் கர்ச்சீப்பைத் தேடினார்.

அம்மாவின் கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் சிரித்தார் என்பதை மட்டும் நீங்கள் எழுதவே இல்லை. எனக்கு அது தெரிய வேண்டும். கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா