யாழ்ப்பாண நகரில் முன்பள்ளிக் கல்வி எல்லாப் பிள்ளைகளையும் சென்றடைய முதலில் எதைச் செய்ய வேண்டும்?

புதிய கட்டடங்களைப் பற்றி யோசிப்பதற்கு முன்னர், இப்போதிருக்கும் முன்பள்ளி ஆசிரியைகளுக்கு நிலையான சம்பளம் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்பதே என் பதில். கடற்றொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த எங்கள் பகுதியில் சனசமூக நிலையம் நடத்தும் முன்பள்ளிக்குப் பல ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன் என்ற வகையில் இதை எழுதுகிறேன்.

இலவசக் கல்வி இந்நாட்டில் 1945ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருந்தாலும், கட்டாயக் கல்வி 5 வயது முதல் 16 வயது வரைக்குமே உரியது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கிறது. 1987இல் வந்த பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் முன்பள்ளிகளை மாகாண சபைகளிடம் ஒப்படைத்தது. வடக்கு மாகாண சபையின் பதவிக்காலமோ 2018 ஒக்ரோபரில் முடிவடைந்துவிட்டது, புதிய சபைக்கான தேர்தல் இன்னும் நடைபெறவில்லை. நடைமுறையில் கோயில்களும் தேவாலயங்களும் சனசமூக நிலையங்களும் தொண்டு நிறுவனங்களும் தனியாருமே முன்பள்ளிகளைத் தாங்கி நிற்கின்றனர். எங்கள் ஆசிரியைகளின் வருமானம், பெற்றோர் கட்டும் மாதக் கட்டணத்தையும் ஒரு சிறு கொடுப்பனவையும் நம்பியே இருந்தது.

அதன் விளைவைக் கணக்குப் புத்தகத்தில் கண்டிருக்கிறேன். காற்றுக் காலத்தில் தொழிலுக்குப் போக முடியாத நாள்கள் கூடும்போது கட்டணம் நிலுவையாகும். நிலுவை சேர்ந்ததும் ஆசிரியையின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுத் தாய் பிள்ளையை அனுப்புவதை நிறுத்திவிடுவார். பிள்ளைகள் குறைந்ததும் சம்பளமும் குறைய, பயிற்சி பெற்ற ஆசிரியை நகரத்துக் கடையொன்றில் வேலை தேடிப் போய்விடுவார். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இவை எல்லாம் ஒருங்கே நேர்ந்தன. அப்போதும் கட்டடத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

புலம்பெயர்ந்த எம் உறவுகளிடம் இதனால்தான் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பெற்றோரின் நினைவாக அவர்கள் கட்டித்தந்த மண்டபங்களுக்கும் வாங்கித்தந்த ஊஞ்சல்களுக்கும் ஊரார் நன்றியுடையவர்கள். ஆயினும், அடுத்த நன்கொடையை வங்கியில் நிலையான வைப்பாக இட்டு, அதன் வட்டியிலிருந்து ஆசிரியையின் சம்பளத்தில் ஒரு பகுதியையும் கட்டணம் கட்ட இயலாத பிள்ளைகளின் செலவையும் ஈடுசெய்ய ஒழுங்குசெய்தால், அது மண்டபத்தை விடவும் நெடுங்காலம் பயன்படும். சம்பளத்தின் மேல் பெயர்க்கல் பதிக்க முடியாது என்பது உண்மைதான். அந்த வைப்புக்கே பெற்றோரின் பெயரை இடலாமே.

நியூயோர்க் நகரம் 2014இல் நான்கு வயதுப் பிள்ளைகள் அனைவருக்கும் முழுநாள் இலவச முன்பள்ளி என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, ஏறத்தாழ 20,000 ஆக இருந்த முழுநாள் முன்பள்ளிப் பிள்ளைகளின் தொகை இரண்டு ஆண்டுகளுக்குள் 65,000ஐக் கடந்தது. எல்லா இடங்களையும் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்காமல், ஏற்கெனவே இயங்கிய சமூக அமைப்புகளின் நிலையங்களையும் பொது நிதியால் தாங்கியதனாலேயே அந்த வேகம் கைகூடியது. ஆனால் அந்த நிலையங்களின் ஆசிரியர்களுக்கு அரச பாடசாலை ஆசிரியர்களை விடக் குறைந்த சம்பளமே கிடைத்ததால், பலர் அங்கிருந்து விலகினர். 2019இல் அந்த இடைவெளியைக் குறைக்கத் தனி உடன்பாடு செய்ய வேண்டியதாயிற்று. அவ்வளவு செல்வமுள்ள நகரமே அங்கு இடறியது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

சம்பளத்துக்கு அடுத்தது நேரம். எங்கள் முன்பள்ளி நண்பகலுக்கு முன்னரே முடிந்துவிடும். நகரத்துக் கடைகளில் மாலைவரை நிற்கும் தாய்க்கு அது உதவாது, அம்மம்மா வீட்டில் இல்லாத பிள்ளைக்கு முன்பள்ளியே இல்லை என்றாகிவிடும். மதிய உணவும் சிறு உறக்கமும் சேர்த்துப் பிற்பகல் வரை வைத்திருக்க இரண்டாவது ஆசிரியை ஒருவர் வேண்டும். அதற்கும் சம்பளமே தடையாகிறது. நீட்டிய நேரத்தை எழுத்துப் பயிற்சியால் நிரப்பிவிடக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மூன்று வயதில் அகரவரிசை முழுவதையும் எழுதிக்காட்ட வேண்டும் என்று பெற்றோர் கேட்கிறார்கள். அந்த வயதில் விரல் தசைகள் அதற்கு உறுதிபெற்றிருப்பதில்லை. மணலில் கிறுக்குவதும் களிமண் பிசைவதும் கதை கேட்டுத் திருப்பிச் சொல்வதும்தான் பின்னர் வரும் எழுத்துக்கு அடித்தளம்.

எந்தப் பிள்ளை விடுபட்டிருக்கிறது என்பதை அறியத் தனிக் கணக்கெடுப்புத் தேவையில்லை. பிறந்த நாள் முதல் ஒவ்வொரு பிள்ளையின் நிறையையும் பதிந்துவரும் குடும்ப நல உத்தியோகத்தருக்கு வீடுவீடாகத் தெரியும். அவரும் முன்பள்ளி ஆசிரியையும் கிராம அலுவலரும் ஆண்டுத் தொடக்கத்தில் ஒன்றாக அமர்ந்தால் பட்டியல் ஆயத்தமாகிவிடும்.

மாநகர சபையின் வரவுசெலவுத் திட்டம் ஒவ்வோர் ஆண்டும் இறுதி மாதங்களில் தயாராகிறது. வீட்டுக்கும் காணிக்குமாக நாம் சபைக்குக் கட்டும் சோலைவரியிலிருந்து முன்பள்ளி ஆசிரியைகளின் கொடுப்பனவுக்கென ஒரு தொகையை ஒதுக்குமாறு, உங்கள் வட்டார உறுப்பினரிடம் அதற்கு முன்னரே எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்பதை விட முன்பள்ளிப் பெற்றோர் பலர் கையொப்பமிட்டுக் கேட்பது நல்லது.