கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்

(டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது கும்பகோணம் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் சனிக்கிழமைதோறும் மூத்தவர்களுக்கு செல்போன் பழக்கிவரும் வாசகி, இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

நான் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் தெரு வாசகசாலையில் ஞாயிறு காலையில் பெரியவர்களுக்கு ஸ்மார்ட்போன் வகுப்பு ஆரம்பித்தேன். முதல் வாரம் பதினொரு பேர், மூன்றாவது வாரம் இரண்டே பேர். பொறுமையாகத்தான் சொல்லித்தருகிறேன். எங்கே தப்பு? – ஒரு வாசகர், மன்னார்குடி

தம்பி, மறைக்காமல் சொல்லுங்கள். அவர்கள் தடுமாறும்போது "குடுங்க தாத்தா" என்று போனைக் கையில் வாங்கிவிடுகிறீர்களா?

நானும் அதைத்தான் செய்தேன். ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் கீமேனாக இருந்த ஒரு பெரியவர், மகளுக்கு ஒரு போட்டோ அனுப்பவேண்டும் என்று வந்தார். வாங்கினேன், நாலு தட்டு தட்டினேன், போய்விட்டது. "சரிம்மா" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். மறுவாரம் ஆளைக் காணோம். கடைத்தெருவில் பார்த்துக் கேட்டால், "இதுக்கு எம் பேரன் போதுமேம்மா, அவனும் இப்படித்தான் புடுங்குவான்" என்றார். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து வகுப்பில் என் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால்தான். அவர் எழுத்துக்கு எழுத்து தேடி ஐந்து நிமிடம் எடுத்தாலும் சரி, தொடுவது அவர் விரல்தான். இதில் எனக்கு வெட்கம் என்னவென்றால், சர்வீஸ் முழுக்க முகம் தெரியாத ஆட்களுக்குக் குரலை மட்டும் வைத்து வழிசொல்லிப் பிழைத்தவள் நான். பென்ஷன் வாங்கிய பிறகு அது மறந்துபோச்சு.

இன்னொன்று, திரையில் படம் போட்டுக் காட்டுகிறீர்கள் என்றால் அதை நிறுத்துங்கள். ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவரச் சொல்லுங்கள். அவர்கள் கையெழுத்தில், அவர்கள் வார்த்தையில் எழுதட்டும். எங்கள் வகுப்பில் ஷேர் குறிக்குப் பெயர் கவட்டை. செட்டிங்ஸ் என்பது பல்சக்கரம். வாட்ஸ்அப்பில் படம் சேர்க்கும் குறி ஜெம் கிளிப். "ஜெம் கிளிப்பைத் தொடு, போட்டோவைத் தொடு, அம்பைத் தொடு." இது அந்த கீமேன் ஐயாவின் நோட்டில் இருப்பது. ஆமாம், திரும்பி வந்துவிட்டார். ஒரு நாளைக்கு ஒரு வேலைதான், அதையும் அவர்களே கேட்கட்டும். பேத்தியின் நாட்டியத்தைப் பார்க்க வந்தவருக்கு நீங்கள் ஈமெயில் சொல்லிக்கொடுத்தால் அவர் ஏன் மறுபடி வரப்போகிறார்?

முதல் வகுப்பிலேயே வேண்டுமென்று தப்பாக அழுத்தச் சொல்லுங்கள். எங்கேயாவது போய் மாட்டிக்கொண்டு திரும்பி வரட்டும். ஆபரேட்டர் இல்லாமல் வெளியூருக்கு நேரே டயல் பண்ணும் எஸ்.டி.டி. எங்கள் ஊருக்கு வந்த புதிதில், "பூஜ்யத்த சுத்தினா பில்லு ஏறிடுமா?" என்று பயந்து, எக்ஸ்சேஞ்சுக்கே போன் பண்ணிக் கேட்டவர்கள் உண்டு. அதே பயம்தான் இது. கெட்டுப்போய்விடும், காசு போய்விடும், பிள்ளை திட்டுவான். பின் நம்பர், ஓ.டி.பி., முன்பின் தெரியாத ஆள் அனுப்பும் லிங்க், இந்த இடங்களில் மட்டும் நிற்கச் சொல்லிவிட்டு, மற்றதில் விளையாட விடுங்கள்.

இரண்டு பேர்தான் வருகிறார்கள் என்று மூடிவிடாதீர்கள். 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டத்தில் சேரும் வயதே 14 முதல் 60 வரைதான் இருந்தது. அறுபது தாண்டியவர் அந்தக் கணக்கில் வரவே இல்லை. உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவர்தான்.

வயது 78. தபால்துறையில் வேலைபார்த்தவன். டச் ஸ்கிரீன் என் விரலை மதிப்பதே இல்லை. பென்ஷனுக்குக் கொடுக்கவேண்டிய உயிர்வாழ் சான்றுக்குக் கைரேகையும் விழவில்லை. இனி இதெல்லாம் எனக்கு ஏறாதா? – ஒரு வாசகர், சிதம்பரம்

அண்ணே, இரண்டுக்கும் காரணம் உங்கள் தோல், மூளை இல்லை. வயதானால் விரல்நுனி காய்ந்துபோகும், ரேகையும் தேயும். திரை வேலைசெய்வது விரல் வழியாகப் போகும் மின்சாரத்தில். காய்ந்த விரலை அது சரியாகக் கண்டுகொள்ளாது. ஈரத்துணியில் விரலை ஒற்றிவிட்டுத் தொட்டுப்பாருங்கள். அழுத்தவும் வேண்டாம். தொட்டது பதியவில்லையே என்று நாம் அழுத்திப் பிடிப்போம், அது வேறு கட்டளை என்று எடுத்துக்கொண்டு படத்தையெல்லாம் இடம்மாற்றிவிடும். செட்டிங்ஸில் அணுகல்தன்மை (ஆக்சஸிபிலிட்டி) என்ற பகுதிக்குள், எவ்வளவு நேரம் தொட்டால் அழுத்திப் பிடித்ததாகக் கணக்கு என்பதைக் கூட்டிவைக்க வசதி இருக்கிறது. வகுப்பில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சான்றுக்கு இப்போது விரலே வேண்டாம். 2021 நவம்பரிலிருந்து முகத்தைக் காட்டியே ஜீவன் பிரமாண் என்கிற அந்த டிஜிட்டல் சான்றை எடுக்கலாம். ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண் ஃபேஸ் என்று இரண்டு ஆப் வேண்டும். மத்திய அரசு பென்ஷன்தாரருக்கு நவம்பர் மாதம். 80 ஆகிவிட்டால் அக்டோபரிலேயே கொடுக்கலாம். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்காருங்கள், முதுகில் விழக்கூடாது. நடுவில் கண்ணை இமைக்கச் சொல்லும். எங்கள் வகுப்பில் 82 வயது டீச்சரம்மா ஒருவர், சந்நிதியில் நிற்பதுபோல் கண்ணை இறுக மூடிக்கொண்டுவிட்டார். மூன்று தடவை தோல்வி. "டீச்சர், கண்ணுல தூசி விழுந்தா என்ன பண்ணுவீங்க?" என்றேன். படபடவென்று இமைத்தார், முடிந்தது. போனே வேண்டாம் என்றாலும் பரவாயில்லை, உங்கள் துறைத் தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துத்தருவார். அது உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

முதியோர் இல்லம் ஒன்றில் உதவி செய்கிறேன். ஒரு அம்மா தன் யு.பி.ஐ. பின் நம்பரைச் சொல்லி, "நீயே போட்டுக்கோ கண்ணு" என்கிறார். மறுத்தால் முகம் வாடிவிடுகிறது. – ஒரு வாசகி, திருச்சி

வாடட்டும். இன்றைக்கே அந்த நம்பரை மாற்ற வைத்துவிடுங்கள். பின் போடும் கட்டம் வந்ததும் நான் எழுந்து, சுவர்ப்பக்கம் திரும்பி, காலண்டரில் ராகுகாலம் எமகண்டம் எல்லாம் சத்தமாகப் படிப்பேன். சிரிப்பார்கள். ஆனால் இவளே பார்க்கமாட்டாள் என்றால், போனில் கேட்கிறவன் யார் என்று மனதில் விழுந்துவிடும். பணம் போவதற்குத்தான் பின், வருவதற்கு இல்லை என்பதையும் நோட்டில் எழுதவையுங்கள்.

பின் போடுவதே அவருக்குச் சிரமம் என்றால், மகளோ மகனோ யு.பி.ஐ. சர்க்கிள் வைத்துக்கொடுக்கலாம். 2024-இல் வந்தது. மகள் கணக்கிலிருந்து, அவர் வைக்கும் வரம்புக்குள், இந்த அம்மா செலவுசெய்யலாம். அது குடும்பத்தார் வேலை, தன்னார்வலர் நடுவில் வரவேண்டாம்.

போன் உறையின் உள்பக்கம் 1930 என்று ஒட்டிவிடுங்கள். பணம் பறிபோனால் அடுத்த நிமிடமே கூப்பிடவேண்டிய சைபர் குற்ற எண். போலீஸ் என்று வீடியோ காலில் வந்து மிரட்டுகிறார்களே, அந்த டிஜிட்டல் கைது என்று ஒன்று நம் சட்டத்திலேயே கிடையாது. எங்கள் டீச்சரம்மாவுக்கும் காக்கிச்சட்டையோடு வீடியோ கால் வந்தது. "இருங்க சார், எங்க ஆபரேட்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வரேன்" என்றிருக்கிறார். அவனே கட் பண்ணிவிட்டானாம்.

அப்பாவுக்கு வசதியாக இருக்குமே என்று அவர் போனைத் தமிழுக்கு மாற்றிவைத்தேன். கோபித்துக்கொண்டார். ஏன்? – ஒரு வாசகி, கரூர்

கேட்காமல் மாற்றினீர்கள், அதனால். இத்தனை நாள் எது எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் பண்ணிவைத்திருப்பார். செட்டிங்ஸ் அவருக்குத் தெரியும். 'அமைப்புகள்' என்றால் எந்த அமைப்பு என்று யோசிப்பார். பழையபடி மாற்றிக்கொடுத்துவிட்டு, கீபோர்டில் மட்டும் தமிழைச் சேர்த்து, மைக் படத்தைக் காட்டுங்கள். பேசினால் அதுவே எழுதும்.

எங்கள் கீமேன் ஐயா அப்படித்தான் சம்பந்திக்கு வளைகாப்பு விவரம் அனுப்பினார். தேதி, நேரம், மண்டபம் எல்லாம் சரியாக விழுந்து, கடைசியில் "காபி ஆறிப்போவுது" என்பதும் சேர்ந்து போய்விட்டது. அது அடுப்படியிலிருந்து அவர் வீட்டம்மா சொன்னது. "முதல்ல காபியக் குடிங்க" என்று சம்பந்தி பதில் போட்டிருந்தார்.